கடல் கயாக்: தெரிந்த பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க வைப்பது எப்படி?

சாங்கி_துடுப்பு எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் வார இறுதிகளில் கடல் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்டும் சிறு குழு ஒன்றை ஒருங்கிணைத்து வருகிறேன். சாங்கியிலிருந்து புலாவ் உபின் சென்று திரும்புவதும், நீரோட்டம் ஒத்துழைக்கும் நாள்களில் மலேசிய எல்லைக்கோட்டைத் தாண்டாமல் அத்தீவைச் சுற்றி வருவதும் எங்கள் வழக்கம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் 1 ஸ்டார் சான்றிதழ் பெற்றவர்கள். அதாவது, அமைதியான நீரில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, கவிழ்ந்து வெளியே வந்து காட்டியவர்கள். அதன் பிறகு அவர்களில் யாரும் வேண்டுமென்று கவிழ்ந்து பார்த்ததில்லை.

என் சிக்கல் அறியாமை பற்றியது அன்று. இவர்களிடம் எதைக் கேட்டாலும் சரியான விடை வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் மேற்கிலிருந்து பாய்ந்து வரும் சுமத்ரா காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் வரை வீசும் என்பதும், அது வந்தால் கரையேறிவிட வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மேற்கே வானம் கறுத்து நிற்கும் காலையில், 'இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, போய்விடலாம்' என்று முதலில் சொல்பவரும் அவர்களில் ஒருவர்தான். உயிர்காப்பு அங்கியை வெக்கை தாங்காமல் முன்பக்கம் திறந்துவிட்டு ஓட்டுகிறார்கள். அதைவிட மோசமாக, கழற்றிப் பின்தளத்தில் மீள்கயிற்றுக்கு அடியில் செருகி வைக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் பாதுகாப்புப் படம் ஒன்றைப் போட்டால் கட்டைவிரல் குறிகள் வந்து குவிகின்றன, கடலில் எதுவும் மாறுவதில்லை.

2019 ஆகஸ்டில் மலேசியாவின் மெர்சிங் அருகே சிங்கப்பூரிலிருந்து சென்ற கயாக் குழுவிலிருந்து இருவர் பிரிந்து காணாமற்போனதும், பல நாள் தேடுதலுக்குப் பின் வெகுதொலைவில் திரங்கானு கடற்பகுதியில் அவர்கள் உடல்கள் கிடைத்ததும் இங்குள்ள பலருக்கு நினைவிருக்கும். அப்போது சில வாரங்கள் எல்லாரும் கவனமாக இருந்தார்கள். அந்தக் கவனம் ஏன் நிலைக்கவில்லை, துயரச் செய்தி வராமலேயே அதை எப்படி வரவழைப்பது என்பதுதான் என் கேள்வி. உங்கள் குழுக்களில் உண்மையில் பலன் தந்தது எது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கப்பல்மேடை எழுதியது:

ஐயா, நான் கயாக் ஓட்டுபவன் அல்லன். சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்க்கிறேன், சிங்கப்பூர் நீரிணை எனக்குப் பழகிய வழி. அதனால் உங்கள் கேள்விக்கு மறுபக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கயாக்கில் அமர்ந்திருப்பவருக்கு எங்கள் கப்பல் மலைபோலத் தெரிகிறது. ஆகவே நாங்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவர் நம்பிவிடுகிறார். உண்மையில் கப்பலின் முகப்புக்கு முன்னால், கப்பலைச் செலுத்தும் மேடையிலிருந்து பார்க்க முடியாத நீர்ப்பரப்பு ஒன்று உண்டு. கப்பல் நீளத்தின் இரு மடங்கு அல்லது 500 மீட்டர், இவற்றில் எது குறைவோ அந்த அளவு வரை மறைவு இருக்கலாம் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சோலாஸின் விதிகளே அனுமதிக்கின்றன. 12 நாட் (மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் கப்பல் அந்த 500 மீட்டரை ஏறத்தாழ 80 விநாடியில் கடந்துவிடும். நெகிழியால் ஆன, நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு கயாக்கை அலைகளின் எதிரொலிக்கு நடுவே ரேடார் பிரித்துக் காட்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

இதையே உங்கள் பக்கத்திலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். நன்றாகத் துடுப்புப் போடுபவர் 3 நாட் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொண்டால், 500 மீட்டர் அகலமுள்ள ஒரு கப்பல் வழியைக் கடக்க அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 12 நாட் கப்பல் இரண்டு கிலோமீட்டர் நெருங்கியிருக்கும். 'கப்பல் இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது' என்ற சொல்லுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளில் 9ஆவது விதி, 20 மீட்டருக்குக் குறைவான கலங்கள், குறுகிய வழிக்குள் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லக்கூடிய பெரிய கலத்துக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்கிறது. துடுப்புப் படகுக்குத்தான் எப்போதும் முன்னுரிமை என்று உங்கள் ஆட்களில் யாராவது நம்பிக்கொண்டிருந்தால் அதை இன்றைக்கே திருத்திவிடுங்கள். ஐந்து குறுகிய ஊதல் ஒலிகள் கேட்டால் அதற்கு வாழ்த்து என்று பொருளில்லை. உங்கள் நோக்கம் எங்களுக்கு விளங்கவில்லை என்று பொருள். அதைக் கேட்டுக் கையசைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விழிப்புணர்வுக்கு என் யோசனை எளியது. மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குச் செல்லும் பயணிகள் படகில் உங்கள் குழுவை ஒருநாள் ஏற்றிவிடுங்கள். உங்களில் இருவர் மட்டும், ஒருவர் கருநீலக் கயாக்கிலும் மற்றவர் மஞ்சள் கயாக்கிலும், அந்தத் தீவுகளின் கரையோரத்தில், கப்பல் வழிக்கு வெளியே இருக்கட்டும். படகிலிருப்பவர்கள் முதலில் யாரை, எவ்வளவு நெருங்கிய பிறகு பார்க்கிறார்கள் என்று அவர்களே சொல்லட்டும். வெயில் நீரில் பட்டுத் தெறிக்கும் திசையில் இருவருமே தெரியமாட்டார்கள். அடுத்த வாரம் வெளிர்நிறத் துடுப்பு முனைகளையும் பளிச்சென்ற தொப்பிகளையும் யாரும் வற்புறுத்தாமலேயே வாங்கிவிடுவார்கள்.

---

டார்செட்_மலர் எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் புதியவர்களைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் கயாக் மன்றம் ஒன்றில் வழிநடத்துநராக இருக்கிறேன். எங்கள் கரையில் இந்தப் பேச்சை எடுத்தாலே லைம் வளைகுடா என்ற பெயர் வந்துவிடும். 1993 மார்ச் 22 அன்று பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேரும் அவர்களுடைய ஆசிரியரும் இரண்டு பயிற்றுநர்களோடு லைம் ரெஜிஸ் ஊரிலிருந்து பக்கத்திலுள்ள சார்மத்துக்குக் கயாக்கில் புறப்பட்டார்கள். ஆசிரியரின் படகு திரும்பத் திரும்பக் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவரைக் கவனித்துக்கொண்டிருந்த நேரத்தில், மற்றவர்கள் படகுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தபடியே காற்றால் கடலுக்குள் தள்ளப்பட்டார்கள். அமரும் குழியை மூடும் விரிப்பு இல்லாததால் படகுகள் நிரம்பி மூழ்கின. அவர்களிடம் உதவி கேட்க வானொலிக் கருவியும் இல்லை, ஆபத்தைக் காட்டும் சுடரொளிக் குச்சிகளும் இல்லை. கரையிலிருந்து தகவல் போகவும் தாமதமாயிற்று. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அவர்களை அழைத்துச் சென்ற சாகச மையத்தை நடத்திய நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் தண்டிக்கப்பட்டனர். 1995இல் இளையோர் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

இந்தக் கதையில் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது வேறொன்று. விபத்துக்கு முந்தைய ஆண்டே அந்த மையத்தின் பயிற்றுநர்கள் இருவர் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதிவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தார்கள். ஆக, எச்சரிக்கை முன்பே எழுத்தில் இருந்தது. அதைச் செயலாக்கக் கடமைப்பட்டவர் யார் என்ற இடம்தான் காலியாக இருந்தது. உங்கள் வாட்ஸ்அப் படங்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட அறிவுரை தனக்குச் சொல்லப்பட்டதாக யாருக்கும் தோன்றுவதில்லை.

எங்கள் மன்றத்தில் மாற்றம் வந்தது கரையில்தான். புறப்படுமுன் ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரின் அங்கியைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காது வரை ஏறி வந்தால் வார்களை இறுக்க வேண்டும், இல்லையெனில் நீரில் விழுந்ததும் அது முகத்தை மூடிவிடும். இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. தலைவர் எல்லாரையும் சோதிப்பதைவிட இது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் பக்கத்திலிருப்பவர் தன்னைத் தொட்டுப் பார்க்கும்போது அங்கியைத் திறந்துவிட்டு நிற்க எவருக்கும் கூச்சமாக இருக்கிறது. வெக்கைக்குத் துணி மெல்லிய, பக்கவாட்டில் திறப்பு அகன்ற அங்கிகள் கிடைக்கின்றன. வெக்கை ஒரு நியாயமான காரணம்தான். அதைக் குறையாகப் பேசாமல் நல்ல அங்கியை வாங்கித் தருவதே மேல்.

இன்னொன்று. கயாக் ஓட்டுபவர்கள் பொதுவாக அணிவது 50 நியூட்டன் மிதவைத் திறனுள்ள அங்கி. நினைவிழந்தவரின் முகத்தை அது மேல்நோக்கித் திருப்பாது. எனவே 'அங்கி போட்டிருக்கிறேன், போதும்' என்பதும் பிழையான நிம்மதியே. தனித்து மிதப்பவரைத் துணை ஒன்று விரைவில் அடைய வேண்டும், அதற்கு மீட்புப் பழக்கம் வேண்டும். மீட்பு என்றால் நீர்த்தேக்கத்தில் சிரித்துக்கொண்டே செய்வதைச் சொல்லவில்லை. கவிழ்ந்த படகின் மூக்கை மீட்பவர் தன் தளத்தின் குறுக்கே இழுத்துப்போட்டு, நீரை வடித்து, நிமிர்த்தி, தன் படகுக்கு இணையாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ள, விழுந்தவர் கால்களால் நீரை உதைத்து வயிற்றால் தளத்தில் ஏறிக் குழிக்குள் நுழைய வேண்டும். சிற்றலை இருந்தாலே இதில் ஒவ்வோர் அடியும் வேறுவிதமாகிவிடும்: ஈரக்கை வழுக்கும், துடுப்பு நழுவி மிதந்து போகும், இரண்டு படகுகளும் இடித்துக்கொள்ளும். எங்கள் ஒவ்வொரு பயணத்திலும் மதிய உணவுக்கு முன், கரைக்கு அருகில், ஒரு இணை இதைச் செய்து காட்டியாக வேண்டும். யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறோம், மூத்தவர்களுக்கும் விலக்கு இல்லை. முதல் பருவத்தில் முணுமுணுத்தார்கள். இப்போது சீட்டில் பெயர் வராதவர்கள்தான் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள்.

---

ஒற்றைத்_துடுப்பு எழுதியது:

மேலே எழுதியவர்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் நான் பெரும்பாலும் தனியாகக் கடலுக்குப் போகிறவன் என்பதால், விழிப்புணர்வு என்ற பெயரில் நடப்பவற்றில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒரு விபத்துச் செய்தி வந்தவுடன், உடல் கிடைப்பதற்கு முன்பே, 'ஏன் போனார்கள், அறிவு வேண்டாமா' என்று முகநூலில் தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுகிறோம். அதைப் பார்க்கிற ஒருவர், நாளை தான் மயிரிழையில் தப்பித்து வந்த கதையை வெளியே சொல்வாரா? மாட்டார். அப்படி மறைந்துபோகும் கதைகளில்தான் மற்றவர்களுக்குத் தேவையான பாடம் முழுவதும் இருக்கிறது.

கப்பல் துறையில் பெயர் வெளியிடாமல் அசம்பாவிதங்களைப் பதிவு செய்யும் ஏற்பாடுகள் உண்டு என்பது கப்பல்மேடை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிரிட்டனில் இயங்கும் சிர்ப் அமைப்பு அப்படிப்பட்டது. நம்மைப் போன்ற சிறு குழுவுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. பயணம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, 'இன்று எந்த இடத்தில் உனக்குப் பிடிக்கவில்லை' என்ற ஒரே கேள்வியை ஒருங்கிணைப்பாளர் கேட்டு, வரும் பதிலுக்கு அறிவுரை சொல்லாமல் எழுதி மட்டும் வைத்துக்கொண்டால் போதும். உபினுக்குத் தெற்கே மிதக்கும் மீன்பண்ணைகள் பக்கம் நீரோட்டம் தன்னை இழுத்துக்கொண்டு போனதாக மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னால், அடுத்த முறை அந்தப் பண்ணைகளின் மேல்நீர்ப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நங்கூரக் கயிறுகளிலும் மிதவைப் பீப்பாய்களிலும் படகு குறுக்காக மாட்டிக்கொண்டால் நீரின் அழுத்தம் அதை அடியில் செருகிவிடும் என்பதை எந்தச் சுவரொட்டியும் அவ்வளவு அழுத்தமாகச் சொல்லாது.

விதிகளைக் கூட்டிக்கொண்டே போவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. குழுவோடு வர ஐந்து நிபந்தனை என்றால், இணையத்தில் வாங்கிய காற்றடைத்த படகோடு தனியாக இறங்கிவிடுகிறார்கள். அவர்களை நீங்கள் பார்க்கக்கூட முடியாது.

---

பாம்பன்காரன் எழுதியது:

வணக்கம் அண்ணா, அக்கா. நான் இராமேசுவரம் பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கயாக் ஓட்டக் கற்றுத் தரும் இடம் ஒன்றில் வேலை செய்கிறேன், மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். மெர்சிங் பற்றியும் லைம் வளைகுடா பற்றியும் படித்தபோது, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தீவுக்கு இரண்டு கடல் உண்டு. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா பொங்கிக் கிடக்கும், வடக்கே பாக் நீரிணை குளம் மாதிரி இருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகிவிடும். வெளியூரிலிருந்து வருபவர் இயல்பாகவே அமைதியான பக்கத்தைத்தான் கேட்பார். அந்தப் பக்கம் ஏன் அமைதியாக இருக்கிறது என்றால், காற்று நிலத்தைத் தாண்டி வந்து கடலுக்குள் போகிறது. அலை எழும்ப இடமில்லை. கரையோரம் அசைவில்லாமல் இருக்கும். அரை கிலோமீட்டர் போனதும் முதுகில் காற்று ஏறும், படகு தானாகவே ஓடும், 'எவ்வளவு எளிதாக இருக்கிறது' என்று தோன்றும். திரும்பும்போதுதான் கைகளுக்கு விஷயம் புரியும். வடகரையில் கச்சானில் மாட்டிக்கொண்டவர் போகிற திசையில் கச்சத்தீவும் கடல் எல்லைக்கோடும் இருக்கின்றன. கயாக் ஓட்டப் போனவர் அண்டை நாட்டுக் கடற்படைக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

எனவே நான் யாருக்கும் வானிலைப் பாடம் எடுப்பதில்லை. இறங்குமுன் ஒரு பிடி உலர்ந்த மணலைத் தூவச் சொல்வேன். அது கடல் பக்கம் பறந்தால், முதலில் காற்றை எதிர்த்துக் கரையோடு ஒட்டியே போய் அங்கிருந்து திரும்ப வேண்டும், நேராக உள்ளே போகக் கூடாது. தங்கள் கையால் தூவிய மணல் எந்தப் பக்கம் பறந்தது என்பதை அவர்கள் மறப்பதில்லை.

மேலும், புறப்படும் இடத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவர்களிடம் எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறேன். இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைக் கைப்பேசியில் பதிந்து வைக்கச் சொல்வதும் உண்டு. ஆனால் உண்மையில் முதலில் வந்து சேர்வது பக்கத்துப் படகுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலில் இருக்காது. அந்த 61 நாளும் எங்கள் கயாக்குகள் கரையை விட்டு அதிக தூரம் போகாது.

---

சாங்கி_துடுப்பு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பாம்பன்காரன் தம்பி எழுதியதைப் படித்த பிறகு மெர்சிங் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டில் வீசும் தென்மேற்குக் காற்று அந்தக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கித்தான் வீசும். அங்கே பயணம் ஏற்பாடு செய்யும் நண்பர்களுக்கு இதை அனுப்பியிருக்கிறேன்.

அங்கியை ஒருவருக்கொருவர் இழுத்துப் பார்ப்பதையும், சீட்டுக் குலுக்கி மீட்புச் செய்து காட்டுவதையும் வரும் பயணத்திலிருந்தே தொடங்குகிறோம். முதல் சீட்டில் என் பெயரையே எழுதப் போகிறேன், ஒருங்கிணைப்பாளர் கரையில் நின்று கட்டளையிடுவதைப் போன்ற எரிச்சல் வேறில்லை. பயணிகள் படகு யோசனைக்கு ஏற்கெனவே பாதிப்பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஒற்றைத்துடுப்பு சொன்ன குறிப்பேட்டையும் ஏற்கிறேன். ஆனால் தனியாகப் போவதைப் பற்றி அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம்.

குழுவில் சேராமல் இறங்குபவர்களைப் பற்றி அவர் சொன்னதுதான் உறுத்துகிறது. வாடகைக்குப் படகு தருமிடங்களிலும் கடற்கரைகளிலும் அவர்களைச் சந்தித்துப் பேச ஏதாவது ஒரு காரணம் வேண்டும். வெறுங்கையோடு போய் உபதேசம் செய்தால் யார் கேட்பார்கள்? கையில் கொடுக்கும்படியாக ஏதேனும் இருக்கிறதா?

---

டார்செட்_மலர் எழுதியது:

இருக்கிறது. படகின் உள்பக்கத்தில் ஒட்டும் அடையாள ஒட்டுத்தாள். அமெரிக்கக் கடலோரக் காவல் படை இதை ஆரஞ்சு நிறத்தில் இலவசமாகவே கொடுக்கிறது, எங்கள் நாட்டிலும் இப்படிப்பட்டவை புழக்கத்தில் உள்ளன. ஆளில்லாத கயாக் ஒன்று மிதந்து வந்தால், அது கரையிலிருந்து அடித்துச் செல்லப்பட்டதா, ஆள் நீரில் கிடக்கிறாரா என்று தெரியாமல் மீட்புப் படகுகளும் ஹெலிகாப்டரும் தேட வேண்டியிருக்கிறது. ஓர் எண் இருந்தால் ஒரே அழைப்பில் அது தெளிவாகிவிடும். 'உங்கள் படகு தொலைந்தால் திருப்பிக் கிடைக்கும்' என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், எவரும் வேண்டாம் என்பதில்லை. எழுதி ஒட்டும் அந்த இரண்டு நிமிடத்தில், இன்று எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அது யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிடலாம்.

நீரில் அழியாத மையால் எழுதுங்கள், தளத்தில் ஒட்டினால் வெயிலில் வெளுத்துவிடும், எனவே அமரும் குழியின் உள்சுவரில் ஒட்டுங்கள். இரண்டு எண்கள் எழுதச் சொல்லுங்கள். ஓட்டுபவரின் எண் மட்டும் இருந்தால் பயனில்லை, அந்தக் கைப்பேசி அவரோடு நீரில் இருக்கும். இரண்டாவது எண் கரையில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும்.